நன்றி சொல்லும் வண்டி

அக்கா, நீங்க தமிழா? அப்பாடி! பொடவையப் பாத்ததுமே நெனச்சேன். அந்தக் கோடி சீட்டுல இருந்து எட்டி எட்டிப் பாத்துக்கினே வர்றேன், நெசமாவே சுங்குடிதானா, இல்ல என் கண்ணுதான் ஏமாத்துதான்னு. கொஞ்சம் பைய எடுங்க. இந்த சீட்டுக்காரரு போன ஸ்டேஷன்லயே எறங்கிட்டாரு. வேற யாராவது வந்து கேட்டா எழுந்துக்கிறேன், அது வரைக்கும் நமக்குத்தான்.

ஊரு எது? கும்பகோணமா! நான் வாலாஜாப்பேட்டை. தனியாவா வர்றீங்க? ஓ, மாப்பிள்ளைக்கு அடுத்த பெட்டியில சீட்டா. பொண்ணு சின்ச்சு ஊர்ல, கைக்கொழந்தையோட. நல்லா இருக்கட்டும் அக்கா. கொழந்தைக்கு வசம்பு கொண்டாந்தீங்களா? இங்க கெடைக்காது. நான் தேடாத எடம் இல்ல.

என் பேரு மல்லீஸ்வரி. இங்க எவன் வாயிலயும் அது நுழையல, மாலின்னு கூப்பிடுறாங்க. வூட்டுக்காரரு இந்த தைவான் ஊருக்காரரு, அ-மிங்னு பேரு. எங்க ஊரு பக்கம் ஷூ கம்பெனி வந்துச்சு பாருங்க, அதுக்கு மிஷின் போட வந்தவரு. நான் அங்க சோல் ஒட்டுற எடத்துல வேலை. அவரு தமிழ்ல மொத மொத கத்துக்கிட்ட வார்த்தை "போதும்". எங்கம்மா சோறு போட்டா நிறுத்த மாட்டாங்க, அதுக்காக. இன்னிக்கும் என்னப் பாத்து அவரு பேசுற ஒரே தமிழ் அதுதான். தைனானுக்கு வடக்கால ஒரு சின்ன ஊர்ல இருக்கோம். பரோட்டாக் கடை வெச்சிருக்கேன். பரோட்டாவுல இவங்களுக்கு வெங்காயத் தாளு போட்டுக் குடுத்தா உசுரு.

ர்ர்ருன்னு இன்னாவோ கேக்குதா? என் போன்தான். பையில கெடக்கு. அடிக்கட்டும். காலையில இருந்து அடிச்சிக்கினே இருக்கு. நான் எடுக்க மாட்டேன்.

யாருன்னு கேக்குறீங்களா? கவுன்சிலரு. ஆமாக்கா, கவுன்சிலரே தன் கையால போன் போடுறா எனக்கு. போடட்டும். இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் கவுன்சிலரு, அப்பால கெடையாது. சனிக்கிழமை ஓட்டு எண்ணினாங்க, தோத்துட்டா. தோத்ததும் எல்லாத்துக்கும் தலை குனிஞ்சு நன்றி சொன்னா. கறிக்கடைக்காரனுக்கு சொன்னா, பெட்டிக்கடைக் கெழவனுக்கு சொன்னா, ஓட்டே போடாதவனுக்கு எல்லாம் சொன்னா. ஒருத்திக்கு மட்டும் சொல்லல. யாருக்கு? தோ, உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன் பாருங்க, இவளுக்கு. பதினெட்டு வருஷப் பழக்கம். நான் பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டேன். தாவ்யுவான்ல ஒரு வாணியம்பாடிப் பொண்ணு இருக்கா, அவ வூட்டுல பத்து நாள் இருந்துட்டு வர்றேன்னு சொன்னேன். அ-மிங் "போதும்"னாரு. எது போதும்னு நானும் கேக்கல.

மொதல்ல இருந்து சொல்றேன், இல்லாட்டி உங்களுக்குப் புரியாது.

அவ பேரு ஹுவாங் ஷியூ-லான். நான் லான் அக்கான்னு கூப்பிடுவேன். முடி வெட்டுற கடை வெச்சிருந்தா, என் கடைக்கு ஒட்டுன செவுரு. இந்த ஊர்ல தலைக்கு ஷாம்பு போடுறத நீங்க பாக்கணும். தண்ணித் தொட்டிக்கிட்ட கூட்டினு போக மாட்டாங்க. நாற்காலியில நேரா உக்கார வெச்சு, உக்காந்த வாக்குலயே நுரை எடுத்து, ஒரு சொட்டு கண்ணுல விழாம தேய்ப்பாங்க. எனக்கு பாஷை தெரியாது, மாமியாருக்கு என்னைக் கண்டா ஆகாது, பேச ஆளு கெடையாது. லான் அக்கா என்னை உக்கார வெச்சு நுரைய எடுத்துக்கினே, கண்ணாடியில தெரியுறத ஒண்ணொண்ணா காமிச்சு பேரு சொல்லுவா. கத்திரி. சீப்பு. மழை. கோவக்கார மாமியாரு. அப்படித்தான் அக்கா நான் இந்த பாஷை பேச வந்தது. அவ கை என் தலையில இருக்கும்போதே.

பொம்பளைங்க எல்லாம் தலைக்கு நுரை போட்டுக்கினு பொலம்புவாங்க இல்ல? சாக்கடை அடைச்சிக்கிச்சு, தெரு வெளக்கு எரியல, மாமனாரு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸு இல்ல. இவ கேட்டுக்கினே இருப்பா. ஒரு தடவை புயல்ல தெருவெல்லாம் சாக்கடைத் தண்ணி. கட்டியிருந்த ஏப்ரனோட, கையில கத்திரியோட, நேரா முனிசிபல் ஆபீசுக்குப் போயி உக்காந்துட்டா. தண்ணி எறைக்கிற வண்டி வர்ற வரைக்கும் எழுந்துக்கல. அங்க இருந்தவனுங்க கத்திரியப் பாத்து பயந்துட்டானுங்கன்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன். அவ இல்லம்பா, கத்திரி கையில இருந்ததே தெரியாதும்பா.

அந்த வருஷமே வார்டுத் தலைவி பதவிக்கு நிக்க வெச்சாங்க. ஜெயிச்சா. அப்பால கவுன்சிலருக்கு நின்னா, ஜெயிச்சா. மறுபடி ஜெயிச்சா. பெரிய பேச்சு எல்லாம் பேச மாட்டாக்கா. யாரு வூட்டுல எழவு விழுந்தாலும் விடியறதுக்குள்ள போயி ஊதுவத்தி புடிச்சிக்கினு நிப்பா. இந்த ஊர்ல அது ரொம்ப முக்கியம். கவுன்சிலரு வந்தாங்களா, வரலையான்னு அடுத்த எலக்ஷன் வரைக்கும் பேசுவாங்க. கூட நானும் போவேன். திங்கக்கெழமை ஆனா கவுன்சிலரு மறுபடி ஏப்ரன் கட்டிக்கினு வயசானவங்களுக்கு முடி வெட்டுவா. இந்த வாட்டி ஜெயிச்சிருந்தா அடுத்தது தைபேதான், தலைநகரத்துப் பெரிய சபைக்கே அனுப்புறோம்னு கட்சியில பேச்சு அடிபட்டுச்சு. நான் தைபேல பரோட்டாக் கடைக்கு எடமே பாத்து வெச்சிட்டேன், சிரிக்காதீங்க.

மைக்கு யாரு? நான்தான். மூணு கவுன்சிலர் எலக்ஷன்லயும் லான் அக்காவுக்கு மைக்கு நான்தான்! இந்தியாக்காரி ஒருத்தி வண்டியில நின்னுக்கினு இவங்க பாஷையில கத்துறான்னா தெருவே வெளிய வரும். எனக்கு அது புது வித்தை இல்ல அக்கா. எங்க நைனா மைக்குக்காரரு. ஆட்டோவுல கொழாய் கட்டிக்கினு "உங்கள் பொன்னான வாக்குகளை"ன்னு வாலாஜா பூரா சுத்துவாரு. சின்னதுல நான் கூடவே நோட்டீசு போட்டுக்கினு போவேன். நைனா ஒண்ணு சொல்லிக் குடுத்தாரு. மைக்கு கையில இருக்கிற வரைக்கும் தோல்வின்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. வெற்றி, வெற்றி, வெற்றி. எதிர்க்கட்சிக்காரனே "அடடா, அவங்கதான் போலருக்கு"ன்னு நெனைக்கணும். நைனாவோட ஆளுக்கு அந்த வருஷம் டெபாசிட் போச்சு, அது வேற கதை. எண்ணிக்கை முடிஞ்ச அன்னிக்கே அந்தாளு ஊர விட்டே போயிட்டான், பொண்டாட்டி புள்ளைங்களோட. நைனா அந்த ஆட்டோவ அவன் வூட்டு வாசல்ல நிறுத்திட்டு நின்னாரு நின்னாரு, கதவே தொறக்கல. தோத்தவன் மூஞ்சிய எப்படிக் காட்டுவான், சொல்லுங்க.

தோ, மறுபடி அடிக்குது. இருங்க, எந்த ஸ்டேஷன் இது? இல்ல, இன்னும் வரல. எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல இன்னிக்கு. நீங்க தப்பா நெனைக்காதீங்க.

இந்த ஊரு எலக்ஷன் எப்படின்னா, ஒரு தொகுதியில ஒரே ஆளு இல்ல. நிறைய பேரு நிப்பாங்க. அதிகமா ஓட்டு வாங்குற மொத ஆறு பேரு உள்ள போவாங்க. ஆனா ஜனத்துக்கு ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அதுக்காக கடைசி நாள் ஒரு கூத்து நடக்கும் பாருங்க. எல்லாரும் அழுவாங்க! "அவசரம், அவசரம்! நான் ஆபத்துல இருக்கேன்! ஒரே ஒரு ஓட்டு கொறையுது! காப்பாத்துங்க!" ஜெயிக்கிறவன், தோக்குறவன், எல்லாரும் இதே பாட்டு. கொஞ்சம் பேரு நடுரோட்டுல மண்டி போடுவாங்க. எனக்கு மொத மொத பாத்தப்ப யாரோ செத்துட்டாங்கன்னு ஆயிடுச்சு.

போன ரெண்டு வாட்டியும் கடைசி நாள் லான் அக்காவே மைக்க வாங்கி அந்த ஒப்பாரிய வெச்சா. நான் காத மூடிக்கினேன். இந்த வாட்டி அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. சத்தமே வரல, காத்துதான் வருது. அதனால அவ மார்க்கெட்டுல கை குடுத்துக்கினு நடக்குறது, நான் வண்டியில மத்த தெருவெல்லாம் போறதுன்னு பிரிச்சோம். வண்டி ஓட்ட அ-மிங். கெளம்பும்போது அவ என் கையப் புடிச்சு, அந்தக் காத்துக் கொரல்லயே சொன்னா, "மாலி, இன்னிக்கு அழணும். லான் ஆபத்துல இருக்கான்னு சொல்லு. தெனாவெட்டா பேசாத. நான் உன்னை நம்பித்தான் போறேன்."

நீங்களே சொல்லுங்க அக்கா. நல்ல காரியத்துக்குப் போகும்போது, ஆபத்து, போச்சு, காப்பாத்துங்க, இந்த மாதிரி அச்சானியம் புடிச்ச வார்த்தைய யாராவது வாயில வைப்பாங்களா? அதுவும் மைக்குல? அதுவும் என் வாயால, அவளைப் பத்தி? எனக்கு வரல. மைக்க வாயில வெச்சா நைனாதான் வர்றாரு. "லான் ஜெயிச்சாச்சு! ஓட்டுப் பெட்டி தொறக்கறதுக்கு முன்னாடியே ஜெயிச்சாச்சு! மொத எடம் நமக்குத்தான்! யாரும் கவலப்பட வேணாம்! நாளன்னிக்கு வெற்றி ஊர்வலத்துல பாக்கலாம்!" கத்துனேன் பாருங்க, ஒவ்வொரு தெருவுலயும் கை தட்டுனாங்க. பட்டாசு வெடிச்சாங்க. பழக்கடைக்காரி ஓடியாந்து, "அப்படியா மாலி, நெசமாவா, பயம் இல்லியா?"ன்னு கேட்டா. "பயமா? நிம்மதியாப் போயித் தூங்கு"ன்னேன். ரெண்டு மூணு தடவை அ-மிங் கண்ணாடியில என்னையப் பாத்து "போதும், போதும்"னாரு. அவருக்கு இன்னா தெரியும், மிஷின்காரரு.

அதே நேரத்துல அந்தப் பக்கம் ஒருத்தி. டாக்டர் பொண்ணு, அமெரிக்காவுல படிச்சது, மொத தடவையா நிக்குது. மழை தூறுது. அந்தத் தூறல்ல ரோட்டுல மண்டி போட்டு அழுது, "எனக்கு யாருமே இல்ல, நான் போயிடுவேன்"னு. சினிமாவுல சேந்திருக்கணும் அது. ஜனம் அப்படியே உருகுது.

மறுநாள் ஓட்டு. அன்னிக்கு சாயங்காலமே ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துலயே எண்ணுவாங்க. ஒவ்வொரு சீட்டா எல்லாருக்கும் தெரியுற மாதிரி தூக்கிக் காட்டி பேரு கத்துவாங்க, செவுத்துல ஒட்டுன தாள்ல கோடு போடுவாங்க. நான் மொத வரிசையில நின்னேன். டாக்டர் பொண்ணு பேரு, டாக்டர் பொண்ணு பேரு, லான். மறுபடி டாக்டர் பொண்ணு பேரு. எனக்கு அந்தத் தாளக் கிழிக்கலாம் போல வந்துச்சு. கடைசியில அந்தப் பொண்ணு ஆறாவது. லான் அக்கா ஏழாவது. எம்மாம் ஓட்டுலன்னு கேக்குறீங்களா? ஒரு கல்யாணத்துல மொத பந்திக்கு உக்கார்ற ஜனம் கூட இல்லக்கா வித்தியாசம்.

இந்த ஜனத்துக்கு நன்றி இருக்கா? மறுநாளு பழக்கடைக்காரி வந்து என் தோள் மேல சாஞ்சு அழுவுறா. "எங்க வூட்டுல எல்லா ஓட்டும் லானுக்குத்தான் போட இருந்தோம். அவதான் ஜெயிச்சிட்டாளே, அந்தப் பொண்ணு பாவம்னு அதுக்குப் போட்டுட்டோம்"னு. நான் வுட்டேனா? "துரோகி, சாக்கடைத் தண்ணியில உன் பழமெல்லாம் மெதந்தப்ப யாரு வந்தா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவ, "நீதான மாலி சொன்ன, நிம்மதியாத் தூங்குன்னு?" பாத்தீங்களா நாக்க! என் மேலயே திருப்புறா! மீன்காரனும் அதையே சொல்றான், பள்ளிக்கூடத்து வாட்ச்மேனும் அதையே சொல்றான். எல்லாரும் பேசி வெச்சிக்கினு வந்த மாதிரி ஒரே பொய்யி.

இது வெளியாளுங்க. உள்ளயே இருக்குது ஒண்ணு. எண்ணி முடிச்சதும் எல்லாரும் கட்சி ஆபீசுல உக்காந்து அழுதுக்கினு இருக்காங்க. அங்க ஒரு கண்ணாடிக்காரன், எலக்ஷன் வேலையெல்லாம் பாத்துக்குறவன். எழுந்து நின்னு எல்லார் முன்னாடியும் என்னப் பாத்து, "ஜெயிச்சாச்சுன்னு கத்தச் சொன்னது யாரு உனக்கு?"ன்னு கேக்குறான். லான் அக்கா பேசுவான்னு பாத்தேன். வாயத் தொறந்தா, தொறந்தா அக்கா, பாத்தேன், ஆனா ஒரு வார்த்தை வரல. தொண்டை கட்டியிருக்குன்னா தலையையாவது ஆட்டலாம் இல்ல? நான் அந்த மைக்க, அது என் சொந்த மைக்கு, தோள்ல மாட்டுற பெட்டி, அதத் தூக்கிக்கினு வெளிய வந்துட்டேன்.

அந்த ராத்திரியே போன் வந்துச்சு, எடுக்கல. போன்ல கூப்பிட்டா ஆச்சா? தொண்டையே இல்லாதவ போன்ல இன்னா பேசுவா? நேர்ல வரட்டும். வந்து, மாலி, அவன் சொன்னத மனசுல வெச்சிக்காதன்னு சொல்லட்டும். அம்மாம்தான் நான் கேட்டது. அதுக்குக் கூட நான் லாயக்கில்லியா?

வந்தா. ஆமா, ஞாயித்துக்கெழம வந்தா. எப்படி வந்தா? வண்டியில!

இந்த ஊர்ல ஒரு வழக்கம் இருக்குக்கா. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, எலக்ஷன் முடிஞ்சதும் அதே வண்டியில ஏறி, அதே தெருவெல்லாம் போயி, ஜனத்துக்கு நன்றி சொல்லணும். ஜெயிச்சா சரி. போன வாட்டியெல்லாம் நானும் வண்டியில நின்னு தொண்டை கிழிய "நன்றி நன்றி"ன்னு கத்தியிருக்கேன், ஒரே பட்டாசுப் புகை. தோத்துட்டு எவளாவது ஊர்வலம் போவாளா? நம்ம ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. ஆனா இங்க போயே ஆவணும். போவலன்னா அப்பால தெருவுல நடக்க முடியாது.

நான் கடை வாசல்ல நின்னேன். தெருமுனையில வண்டி திரும்புது. சத்தமே இல்லக்கா. பாட்டு இல்ல, மைக்கு இல்ல, பட்டாசு இல்ல. இஞ்சின் சத்தம் மட்டும் உருட்டிக்கினு வருது. லான் அக்கா நடுவுல நிக்குறா, ஓட்டுக் கேக்கப் போட்டுக்கினு போன, பேரு எழுதுன அதே மேல்சட்டை. இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் பொண்ணு, காலேஜுல இருந்து வந்திருக்குது. பின்னாடி மாமியாரு, கைத்தடி வெச்சிக்கினு. லான் அக்கா இடுப்பு வரைக்கும் குனியுறா, நிமிருறா, அடுத்த கடைக்குக் குனியுறா. வாயி மட்டும் அசையுது, நன்றி நன்றின்னு. ஒருத்தருக்கும் கேக்கல. கறிக்கடைக்காரன் கத்திய வெச்சிட்டுத் திரும்பி நின்னுக்கினான், அவனால பாக்க முடியல.

என் கடை வாசல்ல வண்டி நின்னுச்சு. எந்தக் கடையிலயும் நிக்கல, என் கடையில நின்னுச்சு. நான் மனசுக்குள்ள, சரி, வந்துட்டா, குனியப் போறா, குனிஞ்சா நான் ஓடிப் போயி புடிச்சிக்கணும், அவள குனிய வுடக்கூடாதுன்னு நெனச்சிக்கினு நிக்குறேன். அவ குனியல. என்னப் பாத்தா. பாத்துக்கினே நின்னா. அப்பால கைய நீட்டினா.

கை! ஓட்டுப் போட்டவங்களுக்குக் கை குடுப்பாங்க பாருங்க, அப்படி. எனக்கா? பதினெட்டு வருஷமா என் தலையில நுரை எடுத்த கை, இன்னிக்கு என்னை மூணாவது மனுஷி மாதிரி குலுக்கிட்டுப் போகப் பாக்குது. நான் கைய நீட்டல. அவளும் கைய இழுக்கல. பின்னாடி ஸ்கூட்டருங்க எல்லாம் ஆரன் அடிக்குது, அவ அப்படியே நிக்குறா. எனக்கு அழுகை வந்துருச்சு. உள்ள போயி ஷட்டர இழுத்து விட்டுட்டேன். ஷட்டருக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இஞ்சின் சத்தம் நகந்துச்சு.

இம்மாம்தான் அக்கா. இதுதான் நடந்தது. இப்ப சொல்லுங்க, நான் கெளம்பி வந்தது தப்பா? அவளுக்காகக் கத்திக் கத்தி எனக்கு இங்க தொண்டையில இன்னும் வலி. எல்லாத்துக்கும் குனிஞ்சவளுக்கு எனக்குக் குனிய இடுப்பு வளையலியா?

இன்னா? வண்டியில யாரு யாரு இருந்தாங்களா? அதான் சொன்னனே. புருஷன், பொண்ணு, மாமியாரு. வூட்டு ஆளுங்கதான். கண்ணாடிக்காரன் கூட இல்ல, அவன் பின்னாடி ஸ்கூட்டர்ல வந்தான். தோத்த வண்டியில வெளியாளுங்க யாரும் ஏற மாட்டாங்கக்கா, அது வூட்டு ஆளுங்க வண்டி. நான் எப்பவும் நிக்கிற எடம் முன்னாடி, ஓட்டுறவரு தலைக்கு மேல, கம்பியப் புடிச்சிக்கினு. அங்க யாரும் நிக்கல. பொண்ணு ஒண்டிக்கினு நிக்குது, அங்க தாராளமா நிக்கலாம், ஆனா அங்க போவல. காலியாவே வெச்சிருந்தாங்க. எனக்கு அதுவும் ஆத்திரந்தான். நான் செத்தா போயிட்டேன்?

இன்னா சொன்னீங்க?

இல்ல, திரும்பச் சொல்லுங்க.

வூட்டு ஆளுக்கு யாரும் குனிஞ்சு நன்றி சொல்ல மாட்டாங்க. ஆமா, அது சரி. புருஷனுக்கு அவ குனியல. பொண்ணுக்குக் குனியல. மாமியாருக்குக் குனியல. அதெல்லாம் சரிதான், ஆனா அவங்க வண்டி மேல இருந்தாங்க, நான் கீழ...

கை குலுக்கறதுக்கு நீட்டின மாதிரியா? இப்படித்தான் நீட்டினா. இல்ல, இப்படி. உள்ளங்கை மேல பாத்து. இருங்க, இப்படி. கீழ வரைக்கும் கைய எறக்கி, இன்னொரு கையால கம்பியப் புடிச்சிக்கினு.

ஐயோ.

அக்கா, கை குலுக்கறவ எதுக்குக் கம்பியப் புடிச்சா?

பஸ்ஸுல மேல ஏற முடியாம நிக்குற கெழவிக்கு நாம எப்படிக் கை நீட்டுவோம். எனக்கு ஏன் அக்கா இது... அம்மாம் நேரம் நின்னாளே. ஸ்கூட்டர்காரனுங்க திட்டுறானுங்க, அவ எனக்காக நின்னுக்கினு இருக்கா. நான் ஷட்டர இழுத்தேன். அவ மூஞ்சியில ஷட்டர இழுத்தேன்க்கா. எங்க நைனாவ வாசல்ல நிக்க வெச்சிட்டு அந்தாளு கதவப் பூட்டிக்கினு போனானே, நான் அதையே செஞ்சிட்டு வந்திருக்கேன்.

இருங்க இருங்க, பையப் புடிங்க. இந்த வண்டி அடுத்து எங்க நிக்கும்? நன்றி சொல்ற வண்டிக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளு. சாயங்காலம் மார்க்கெட்டுல முடிப்பாங்க, அங்கதான் கூட்டம் இருக்கும், அங்கதான் பேசணும். தொண்டையே இல்லாம அங்க போயி இன்னா பண்ணுவா? இப்பவே திரும்பினா போயிடலாம், போயிட முடியும்.

இதுவா? இது துணி இல்லக்கா. மைக்குப் பெட்டி. தாவ்யுவானுக்கு எதுக்கு மைக்குன்னு நீங்க கேப்பீங்க. எனக்கும் தெரியல. பைய அடுக்கும்போது இதுவும் வந்துருச்சு. நேத்து ராத்திரி சார்ஜும் போட்டு வெச்சேன், பழக்க தோஷம்.

நீங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும், நான் கத்துனதுல தப்பு கெடையாது. பழக்கடைக்காரி துரோகிதான். அதுல மாத்தம் இல்ல. ஆனா இவ... அடிக்குது பாருங்க! மறுபடி அடிக்குது! எடுக்கட்டுமா? பொறுங்க, மூக்க சிந்திக்கிறேன்.

ஹலோ. ஆங், அக்கா. மாலிதான். சத்தமே கேக்கல, போன வாய்க்கிட்ட வெச்சிப் பேசு. இல்ல. இல்லக்கா, இன்னும் இல்ல. பரோட்டா கையில இருக்கு, சாப்பிடுறேன். ஆங். வர்றேன்.

பாருங்க இவளை. தோத்துட்டா, தொண்டை போச்சு, மூஞ்சியில ஷட்டர் வாங்கியிருக்கா. சாப்பிட்டியான்னு கேக்குறா. வேற ஒண்ணும் கேக்கல. கண்ணாடிக்காரனப் பத்திப் பேசல, கடைசி நாளப் பத்திப் பேசல. சாப்பிட்டியா, மதியம் வண்டி எடுக்குறோம், உன் எடம் காலியாத்தான் இருக்குன்னா.

வண்டி மெதுவா ஆகுது. நான் எறங்கிக்கிறேன். மாப்பிள்ளைக்கிட்ட சொல்லுங்க, கொழந்தைக்கு மருந்து கிருந்து எது வேணும்னாலும் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. ஐயோ, உங்க நம்பர வாங்கல. பரவால்ல, எங்க ஊர்ல வந்து மாலின்னு கேட்டா யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க.

அக்கா, ஒண்ணு கேக்கறேன், சட்டுனு சொல்லுங்க, கதவு தொறந்துருச்சு. தோத்துட்டோம், ஆனாலும் உங்களுக்கு நன்றின்னு சொல்லணும். மைக்குல. மார்க்கெட்டு பூரா கேக்குற மாதிரி. எப்படி ஆரம்பிக்கிறது? எங்க நைனா எனக்கு அத மட்டும் சொல்லிக் குடுக்கலக்கா.